இன்ஜெக்டர்தான் குற்றவாளியா? பெட்ரோல் கார் காட்டும் அறிகுறிகளும் சுத்தம் செய்யும் முறையும்

போன மாதம் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தம்முடைய எட்டு வயதுச் சிறிய காரை எங்கள் பட்டறைக்குக் கொண்டுவந்தார். கையில் ஒரு கோப்பு. வண்டிக்குச் செய்த ஒவ்வொரு செலவின் ரசீதையும் தேதிவாரியாகக் கோத்து வைத்திருந்தார். அதில் ஒரே ஆண்டுக்குள் இரண்டு முறை ‘இன்ஜெக்டர் கிளீனிங்’, அதாவது இன்ஜினுக்குப் பெட்ரோலைத் தூவும் இன்ஜெக்டர்களைச் சுத்தம் செய்த செலவு. ஆனாலும் சிக்னலில் நின்றால் வண்டி மாவு அரைக்கும் கிரைண்டர் போல அதிர்ந்துகொண்டே இருந்தது.

பானட்டைத் திறந்து, இன்ஜினை ஓடவிட்டுக் காது கொடுத்தோம். சிலிண்டர்களுக்குக் காற்றைப் பகிரும் இன்டேக் மேனிஃபோல்டுக்குப் பின்னாலிருந்து ‘உஸ்’ என்று ஒரு சத்தம். சுண்டுவிரல் பருமனில் இருந்த வேக்குவம் குழாய் (இன்ஜினின் உறிஞ்சு விசையைக் கொண்டுபோகும் குழாய்) வளைவில் வெடித்திருந்தது. வெடிப்பை விரலால் பொத்தினேன், அதிர்வு நின்றது. விரலை எடுத்தேன், மறுபடி ஆடியது. பெரியவர் தாமே ஒரு முறை பொத்திப் பார்த்துவிட்டு, “அப்படியானால் இந்த இரண்டு ரசீதும் எதற்குத் தம்பி?” என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

இன்ஜெக்டர் அடைக்கவே அடைக்காது என்று நான் சொல்லவரவில்லை. அடைக்கும், ஒழுகும், சில நேரம் உள்ளிருக்கும் மின்சுருளான காயில் எரிந்தும் போகும். ஆனால் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் உட்கார்ந்திருப்பதால் அதன்மேல் பழி போடுவது எல்லோருக்கும் வசதியாகிவிட்டது. என் வழக்கம் அதைக் கடைசிச் சந்தேகமாக வைப்பது. கீழே சொல்வது எல்லாம் நம் ஊரில் பரவலாக ஓடும் எம்.பி.எஃப்.ஐ. வகைப் பெட்ரோல் கார்களுக்கு, அதாவது ஒவ்வொரு சிலிண்டரின் காற்று வழியிலும் ஓர் இன்ஜெக்டர் உள்ளவற்றுக்கு. டீசலையும், சிலிண்டருக்குள்ளேயே பெட்ரோலைத் தூவும் நேரடி இன்ஜெக்ஷனையும் பற்றிப் பின்னால் இரண்டு வார்த்தை சொல்கிறேன்.

அது எப்படி அடைக்கிறது

இன்ஜெக்டர் என்பது மின்காந்தத்தால் திறந்து மூடும் ஒரு சிறு வால்வு. உள்ளே இருக்கும் ஊசி ஒரு தலைமுடியின் பருமன் அளவுக்குத்தான் மேலே எழும்புகிறது. ஐட்லிங்கில் (வண்டி நிற்க, இன்ஜின் மட்டும் மெதுவாக ஓடும்போது) ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்று மில்லி விநாடிதான் திறக்கிறது. 3000 ஆர்.பி.எம்.மில், அதாவது நிமிடத்துக்கு 3000 சுற்றில், ஓடும்போது ஒவ்வொரு இன்ஜெக்டரும் விநாடிக்கு 25 முறை திறந்து மூடுகிறது. பின்னாலிருந்து பெட்ரோல் சுமார் 3 பார் அழுத்தத்தில் தள்ளுகிறது. இத்தனை நுட்பமான வழியில் மெல்லிய படிவு சேர்ந்தாலே தூவல் கெட்டுவிடும்.

அந்தப் படிவு பெரும்பாலும் வண்டி ஓடும்போது உண்டாவதில்லை, நிறுத்திய பிறகு உண்டாகிறது. சூடான இன்ஜினை அணைத்ததும் அடுத்த கால் மணி நேரம் அந்த வெப்பம் மேலே ஏறி இன்ஜெக்டரின் நுனியைச் சுடுகிறது. நுனியில் ஒட்டியிருக்கும் துளிப் பெட்ரோலில் இலகுவான பகுதி ஆவியாகிறது, பிசுபிசுப்பான பகுதி அங்கேயே காய்ந்து ஒட்டுகிறது. பாயசம் காய்ச்சிய பாத்திரத்தின் விளிம்பில் காய்ந்துபோகும் ஆடையை நினைத்துக்கொள்ளுங்கள். அதனால்தான் தினமும் கடைக்கும் பள்ளிக்கும் இரண்டு கிலோமீட்டர் போய் நிற்கும் வண்டி, நெடுஞ்சாலையில் ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடிய வண்டியைவிட முன்னதாக அடைத்துக்கொள்கிறது.

கிலோமீட்டரை வைத்து இன்ஜெக்டரைச் சுத்தம் செய்யச் சொல்பவர்களை நான் நம்புவதில்லை. உங்கள் வண்டியின் கையேட்டை எடுத்துப் பராமரிப்பு அட்டவணையைப் பாருங்கள். பெரும்பாலான கார்களில் அப்படி ஒரு வரியே இருக்காது. அறிகுறி வந்த பிறகுதான் வேலை.

அறிகுறி: ஐட்லிங்கில் ஆடுகிறது, ஓடும்போது சரியாக இருக்கிறது

முதலில் ஆக்ஸிலரேட்டரை லேசாக மிதித்து 1500 ஆர்.பி.எம்.முக்குக் கொண்டுபோங்கள். ஆட்டம் முழுவதும் மறைந்தால் சந்தேகம் இன்ஜெக்டரின்மேல் அல்ல, காற்றின்மேல். காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடியின் தகட்டைச் சுற்றிக் கருப்பாகப் படிந்த கரியோ, ஆசிரியர் வண்டியில் இருந்தது போல ஒரு வேக்குவம் கசிவோ காரணமாக இருக்கும். த்ராட்டில் பாடியைத் துடைப்பது அரை மணி நேர வேலை. அதை முதலில் முடியுங்கள்.

இன்ஜினின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனர் ஒன்று கையில் இருந்தால் வேலை இன்னும் எளிது. செல்பேசியோடு இணையும் சிறிய ஓ.பி.டி. கருவியே போதும். அதில் ஃப்யூயல் டிரிம் என்ற எண்ணைப் பாருங்கள். இன்ஜினின் கம்ப்யூட்டர் தான் போட்ட கணக்கைவிடக் கூடுதலாக எவ்வளவு பெட்ரோல் ஊற்ற வேண்டியிருக்கிறது, அல்லது குறைக்க வேண்டியிருக்கிறது என்பதைச் சதவீதத்தில் காட்டும் எண் அது. பூஜ்யத்துக்கு இரண்டு பக்கமும் ஐந்து வரை கவலை இல்லை. நீண்ட கால டிரிம் கூட்டல் பக்கம் பத்தைத் தாண்டினால் பெட்ரோல் போதவில்லை, அல்லது கணக்கில் வராத காற்று எங்கிருந்தோ நுழைகிறது.

இரண்டில் எது? ஐட்லிங்கில் 15 காட்டிவிட்டு, 2500 ஆர்.பி.எம்.மில் மூன்று நான்குக்கு இறங்கினால் காற்றுக் கசிவு. ஏனென்றால் த்ராட்டில் திறந்ததும் உள்ளே போகும் காற்று பெருவெள்ளம், கசிவுக் காற்று அதில் ஓர் ஓடை. மாறாக ஐட்லிங்கில் சாதாரணமாக இருந்து, சுமை ஏற ஏற டிரிமும் ஏறினால் பெட்ரோல் பக்கம் குறை. இந்த ஒரு சோதனையைச் செய்திருந்தால் ஆசிரியரின் கோப்பில் இரண்டு தாள் குறைந்திருக்கும்.

அறிகுறி: ஒரே சிலிண்டர் மிஸ் ஆகிறது (அதில் மட்டும் பெட்ரோல் சரியாக எரியவில்லை)

இன்ஜின் லைட் விட்டு விட்டு மின்னும், வண்டி நொண்டும், ஸ்கேனரில் பி0301 முதல் பி0304 வரை ஏதோ ஒரு பழுதுக் குறியீடு வரும். கடைசி எண்தான் சிலிண்டரின் எண். இங்கே அவசரப்படாமல் ஒவ்வொன்றாக இடம் மாற்றிப் பார்ப்பதுதான் முறை. பி0302 வந்திருக்கிறது என்று வையுங்கள். ஒவ்வொரு சிலிண்டருக்கும் தீப்பொறிக்கான தனிக் காயில் (இது இன்ஜெக்டருக்குள் இருக்கும் காயில் அல்ல) உள்ள வண்டியானால், இரண்டாம் காயிலை மூன்றாம் இடத்திலும் மூன்றாவதை இரண்டாம் இடத்திலும் போட்டுவிட்டு, குறியீட்டை அழித்து, பத்து நிமிடம் ஓட்டுங்கள். குறியீடு பி0303 ஆக மாறினால் காயில் போய்விட்டது, இன்ஜெக்டரை மறந்துவிடுங்கள். மாறவில்லையா, அடுத்து ஸ்பார்க் பிளக்கை அதே போல மாற்றுங்கள். அதிலும் குறியீடு நகரவில்லை என்றால்தான் இன்ஜெக்டரிடம் போக வேண்டும்.

பிளக்கைக் கழற்றியதும் அப்படியே ஓரமாக வைத்துவிடாமல், நான்கையும் வரிசையாக ஒரு வெள்ளைத் துணியில் அடுக்கிப் பாருங்கள். மூன்று இளம்பழுப்பாகவும் ஒன்று சுண்ணாம்பு பூசியது போல வெளுத்தும் இருந்தால், அந்தச் சிலிண்டருக்குப் பெட்ரோல் போதவில்லை, இன்ஜெக்டர் அடைப்பு பற்றிய முதல் நம்பகமான தடயம் இதுதான். ஒன்று மட்டும் கரிபிடித்து ஈரமாக இருந்தால் அங்கே இன்ஜெக்டர் ஒழுகலாம், அல்லது தீப்பொறியே வராமல் இருக்கலாம்.

அடுத்த சோதனைக்கு நீளமான ஒரு ஸ்க்ரூடிரைவர் போதும். இன்ஜின் ஓடும்போது அதன் முனையை இன்ஜெக்டரின் உடம்பில் ஊன்றி, கைப்பிடியைக் காதோடு ஒட்டி வையுங்கள். சுழலும் பெல்ட்டின் பக்கம் சட்டையும் துண்டும் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ‘டிக் டிக் டிக்’ என்று கெட்டியான, சீரான சத்தம் கேட்க வேண்டும். ஐட்லிங்கில் விநாடிக்கு ஆறேழு டிக். நான்கையும் மாறி மாறிக் கேளுங்கள். ஒன்று மட்டும் மந்தமாக, துணிக்குள் சுற்றி வைத்த கைக்கடிகாரம் போல ஒலித்தால் உள்ளே ஊசி ஒட்டுகிறது. சத்தமே இல்லையென்றால் அது அடைப்பே இல்லை, மின்சாரம் சம்பந்தப்பட்ட பழுது. வண்டியை அணைத்து, கனெக்டரைக் கழற்றி மல்டிமீட்டரில் அளந்தால் இந்த வகை இன்ஜெக்டர்கள் பெரும்பாலும் 12 முதல் 16 ஓம் காட்டும். நான்கும் ஏறத்தாழ ஒன்றுபோல இருக்க வேண்டும். ஒன்று விலகி நின்றால் அதைப் புதிதாக மாற்ற வேண்டியதுதான், எரிந்த காயிலை எந்த மருந்தும் கழுவாது. ஓம் சரியாக இருந்தும் சத்தம் இல்லையென்றால் வயரையும் கனெக்டரையும் பாருங்கள். நம் ஊரில் எலி கடித்த வயர் புதிதல்ல.

ஓர் எச்சரிக்கை. எந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று பார்க்க, ஓடும் இன்ஜினில் ஒவ்வொரு கனெக்டராகக் கழற்றுவது பழைய வழக்கம். கழற்றும்போது இன்ஜின் தடுமாறினால் அந்தச் சிலிண்டர் நன்றாக இருக்கிறது, தடுமாறாவிட்டால் அதுதான் நோயாளி. அப்படிக் கழற்றுவது இன்ஜெக்டர் கனெக்டராக இருக்கட்டும், காயிலின் கனெக்டர் வேண்டாம். தீப்பொறி இல்லாமல் பெட்ரோல் மட்டும் போனால் எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரியும், அதன் விலை உங்களைத் தூங்கவிடாது.

அறிகுறி: மேட்டில் இழுக்கவில்லை

நான்கு இன்ஜெக்டரும் ஒரே அளவில் அடைத்தால் இப்படி நடக்கலாம். ஆனால் இந்த அறிகுறிக்கு அதற்கு முன்னால் ஒரு வரிசையே நிற்கிறது: மண் அடைத்த ஏர் ஃபில்டர், டாங்கிக்குள் உள்ள பெட்ரோல் ஃபில்டர், தளர்ந்துபோன பம்ப், உருகி அடைத்த கன்வெர்ட்டர். இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோலைப் பகிரும் குழாயான ரெயிலில் ஓர் அழுத்தமானியை மாட்டி, ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது முள் விழுகிறதா என்று பார்த்தால் பம்பும் ஃபில்டரும் தெரிந்துவிடும். அழுத்தம் அசையாமல் நின்று, ஏர் ஃபில்டரும் சுத்தமாக இருந்து, சுமையில் டிரிம் மட்டும் ஏறினால் இன்ஜெக்டரைக் கழற்ற நியாயம் உண்டு.

அறிகுறி: மைலேஜ் மட்டும் குறைந்துவிட்டது

இதற்காக மட்டும் இன்ஜெக்டரைக் கழற்றச் சொல்லி வருபவர்களை நான் பெரும்பாலும் திருப்பி அனுப்பிவிடுவேன். முதல் காரணம் பெட்ரோலே மாறிவிட்டது. 2022 நடுவில் நாடு முழுவதும் சராசரி எத்தனால் கலப்பு 10 சதவீதத்தை எட்டியது, 2025-இல் அது 20 ஆனது. ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் ஆற்றல் ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. ஆகவே 10 சதவீதக் கலப்பிலிருந்து 20-க்கு வந்தபோது ஆற்றலில் மூன்று நான்கு சதவீதம் குறைந்தது. 18 கொடுத்த வண்டி 17.4 கொடுத்தால் அது கணக்கு. 14 கொடுத்தால்தான் நோய்.

அந்த நோயும் டயர் காற்றிலோ, ஒட்டிப் பிடிக்கும் பிரேக்கிலோ, திறந்தபடியே நின்றுவிட்ட தெர்மோஸ்டாட்டிலோ, ஆக்ஸிஜன் சென்சாரிலோ இருக்கலாம். நீண்ட தூரம் ஓட்டிவிட்டு நான்கு சக்கரத்தின் அருகிலும் புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்றில் மட்டும் அனல் அடித்தால் விடை கிடைத்துவிட்டது.

அறிகுறி: சூட்டில் நிறுத்திவிட்டு வந்தால் ஸ்டார்ட் ஆக மறுக்கிறது

காலையில் ஒரே சுற்றில் பிடிக்கிறது. கடைக்குள் போய்ப் பத்து நிமிடத்தில் திரும்பி வந்தால் உறுமிக்கொண்டே இருக்கிறது, பெட்ரோல் வாசமும் வருகிறது. அப்போது ஆக்ஸிலரேட்டரை அடிவரை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட் செய்யுங்கள். பல வண்டிகளில் கம்ப்யூட்டர் இதை ‘உள்ளே பெட்ரோல் கூடிவிட்டது’ என்று புரிந்துகொண்டு இன்ஜெக்டர்களை மூடிவிடும். கரும்புகை ஒரு முறை கக்கிவிட்டு இன்ஜின் பிடித்தால் சந்தேகம் உறுதியாகிறது: ஏதோ ஓர் இன்ஜெக்டர் மூட வேண்டிய நேரத்தில் மூடாமல் சொட்டுகிறது.

இந்த அறிகுறியைத்தான் நான் மிகப் பெரிதாக எடுத்துக்கொள்வேன். ஆயில் ஸ்டிக்கை உருவி முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாசம் தூக்கலாக அடித்தால், அல்லது ஆயில் மட்டம் தானாக உயர்ந்திருந்தால், அந்த வண்டியை ஓட்டாதீர்கள். சொட்டிய பெட்ரோல் சிலிண்டர் சுவரைக் கழுவி, ஆயிலை நீர்க்க வைத்துக்கொண்டிருக்கிறது. அடைப்புக்குச் சுத்தம் பலன் தரும், ஒழுகலுக்குப் பல நேரம் தராது. ஊசி உட்காரும் இடம் தேய்ந்திருந்தால் மாற்றுவது ஒன்றுதான் வழி, ஆயிலையும் சேர்த்து.

நாள்பட நின்ற வண்டியும் சி.என்.ஜி. வண்டியும்

ஊருக்குப் போயிருந்தவர் ஓராண்டு கழித்து வந்து எடுத்த வண்டி, இன்ஜெக்டர் சுத்தத்துக்கு உண்மையாகவே தகுதியான நோயாளி. பெட்ரோல் உள்ளேயே காய்ந்து மெழுகு போலப் பிடித்திருக்கும். முதலில் டாங்கியின் பழைய பெட்ரோலை முழுவதும் இறக்குங்கள். அதை வைத்துக்கொண்டு இன்ஜெக்டரை மட்டும் கழுவினால் வாரத்துக்குள் மறுபடி கழுவ வேண்டிவரும்.

சி.என்.ஜி. வண்டி ஓட்டுபவர்கள் பெட்ரோலை மறந்தே போகிறார்கள். எரிவாயுவில் ஓடும் நேரமெல்லாம் பெட்ரோல் இன்ஜெக்டர்கள் சூட்டில் சும்மா உட்கார்ந்து கருகுகின்றன. தினமும் சில கிலோமீட்டர் பெட்ரோலில் ஓட்டுங்கள். அவ்வளவே மருந்து.

டீசல் காமன் ரெயில் வண்டியில் இந்தக் கட்டுரையின் எதையும் முயலாதீர்கள். அங்கே அழுத்தம் 1600 பாருக்கும் மேல் போகிறது. ஊசித்துளைக் கசிவே தோலைத் துளைத்து உள்ளே இறங்கும். இன்ஜெக்டரை மாற்றினால் அதன் குறியீட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றவும் வேண்டும். நேரடி இன்ஜெக்ஷன் பெட்ரோலிலும் ரெயிலில் 200 பார் வரையும் அதற்கு மேலும் இருக்கும். இரண்டையும் அதற்கான கருவி உள்ளவரிடம் கொடுங்கள்.

சுத்தம் செய்வது: புட்டியில் தொடங்கலாம்

அடைப்பு லேசானது என்று தெரிந்தால், பெட்ரோலில் கலக்கும் மருந்துப் புட்டி ஒன்றே போதும். வாங்கும்போது பாலிஈத்தர்அமீன் உள்ளதா என்று லேபிளில் பாருங்கள். கரியைக் கரைக்கும் குணம் அதற்கு உண்டு. டாங்கியின் அளவுக்கு லேபிள் சொல்லும் விகிதத்தில் ஊற்றி, பெட்ரோலை நிரப்பி, நெடுஞ்சாலையில் ஒரு நீண்ட பயணம் போய்வாருங்கள். ஊருக்குள் நின்று நின்று ஓடினால் மருந்து வேலை செய்யாது. இரண்டு டாங்க் பார்த்தும் மாற்றம் இல்லையென்றால் மூன்றாவது புட்டிக்குக் காசு செலவிடாதீர்கள். மண்ணெண்ணெயும் தின்னரும் ஊற்றச் சொல்பவரின் வண்டி எப்படி ஓடுகிறது என்று முதலில் பாருங்கள்.

ரெயிலில் குப்பியை மாட்டி, பெட்ரோலுக்குப் பதில் மருந்திலேயே இன்ஜினை ஓடவிடும் முறையும் உண்டு. பயன் ஓரளவு உண்டு. ஆனால் எந்த இன்ஜெக்டர் எவ்வளவு தேறியது என்று யாருக்கும் தெரியாது. அதனால் இன்ஜெக்டர்களைக் கழற்றி, அவற்றைச் சோதித்துக் கழுவும் மேஜைக் கருவியில் கழுவுவதையே நான் விரும்புகிறேன்.

கழற்றுவது

இன்ஜின் இரவு முழுவதும் ஆறியிருக்க வேண்டும். இடம் காற்றோட்டமாக இருக்க வேண்டும், கைக்கு எட்டும் தூரத்தில் தீயணைப்பான் இருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை, பட்டறையில் கற்பூரம் காட்டும் நேரத்தில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள். எங்களிடம் ஒரு பையன் தொடங்கினான். தட்டை ஏந்தி வந்த பெரியவர் பெட்ரோல் வாசம் பட்டதும் வாசலிலேயே நின்றுவிட்டதால் தப்பித்தோம்.

முதலில் பெட்ரோல் பம்பின் ஃபியூசை எடுத்துவிட்டு இன்ஜினை ஸ்டார்ட் செய்யுங்கள். ரெயிலில் இருப்பதைக் குடித்துவிட்டு அதுவே அணையும். இன்னும் இரண்டு முறை சுற்றவிடுங்கள். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள், டாங்கி மூடியைத் திறந்து காற்றை விடுங்கள். இன்ஜெக்டர் உட்காரும் குழியைச் சுற்றிச் சேர்ந்திருக்கும் மண்ணைப் பிரஷ் கொண்டும் காற்றடித்தும் அகற்றுங்கள். இதைச் செய்யாமல் உருவினால் அந்த மண் நேராக வால்வுக்குள் விழும். கனெக்டரின் பிளாஸ்டிக் பல ஆண்டு வெப்பத்தில் பிஸ்கட் போல ஆகியிருக்கும், நெம்பாதீர்கள், பூட்டை அழுத்திவிட்டு இழுங்கள். குழாய் இணைப்பைத் துணியால் சுற்றிப் பிடித்துக் கழற்றுங்கள், மிச்சம் இருக்கும் பெட்ரோல் எப்படியும் கொஞ்சம் வரும்.

போல்ட்களைக் கழற்றி, ரெயிலை இரு பக்கமும் சமமாகத் தூக்கினால் நான்கும் அதோடு வந்துவிடும். ஒவ்வொன்றிலும் எண் எழுதுங்கள். குழிக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கில் கீழ்ப்பக்கத்தது உள்ளேயே தங்கியிருப்பதும் உண்டு. பிறகு குழிகளை மூடிவையுங்கள்.

மேஜைக் கருவியில்

கழுவும் முன் தூவலை உங்கள் கண்ணால் பார்க்கக் கேளுங்கள். நல்ல இன்ஜெக்டர் பன்னீர்ச் செம்பைக் கல்யாண வாசலில் ஆட்டியது போல மெல்லிய மூட்டமாகத் தூவும். அடைத்தது, ஊசியால் குத்திய தண்ணீர்ப் பாக்கெட் போல ஒரு பக்கமாகப் பீய்ச்சும். நான்கு கண்ணாடிக் குழாய்களில் சேரும் அளவைப் பக்கத்தில் பக்கமாக வைத்துப் பாருங்கள். பிறகு மூடிய நிலையில் அழுத்தம் கொடுத்துச் சொட்டுச் சோதனை. நிமிடத்துக்கு ஒரு சொட்டுக்கு மேல் விழுந்தால் அதைத் தனியாக ஒதுக்குங்கள்.

மேல்பக்கத்துச் சிறு வடிகட்டியை அகற்றிய பிறகே அல்ட்ராசோனிக் தொட்டியில் (ஒலி அதிர்வால் அழுக்கை நீக்கும் தொட்டி) இறக்க வேண்டும். தொட்டிக்குள் இருக்கும்போது இன்ஜெக்டர்களுக்கு மின் துடிப்பும் கொடுக்க வேண்டும். சும்மா மூழ்கவைத்தால் வெளித்தோல்தான் குளிக்கும், உள்ளே ஊசி மூடியே கிடக்கும். துடிப்பைக் கருவிதான் கொடுக்க வேண்டும். வீட்டில் 12 வோல்ட் பேட்டரியை நேராக மாட்டிப் பிடித்துக்கொண்டிருந்தால் காயில் எரிந்துவிடும்.

பின்னோக்கிக் கழுவி, புது வடிகட்டி போட்டு, மறுபடி அளந்தால் நான்கு குழாய்களுக்கும் இடையே வித்தியாசம் ஐந்து சதவீதத்துக்குள் அடங்க வேண்டும். முன்னும் பின்னும் அளந்து காட்டாத இடத்தில் கொடுக்காதீர்கள். செல்பேசியில் இரண்டு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

திரும்ப மாட்டுவது

ஓ-ரிங்குகள் எட்டும் புதியவை. மேலும் கீழும் அளவோ நிறமோ மாறலாம், பழையதோடு ஒப்பிட்டுப் போடுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு துளி சுத்தமான இன்ஜின் ஆயில் தடவி, இன்ஜெக்டரைச் சாய்க்காமல் நேராக அழுத்துங்கள். உட்கார்ந்த பிறகு விரலால் திருப்பினால் இலகுவாகச் சுழல வேண்டும். சுழலவில்லையென்றால் ஓ-ரிங் மடிந்திருக்கிறது, வெளியே எடுங்கள். ரெயிலின் போல்ட்களை மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். அலுமினிய மரையில் வீரம் காட்ட வேண்டாம்.

ஃபியூசையும் பேட்டரியையும் மாட்டிவிட்டு, உடனே ஸ்டார்ட் செய்யாதீர்கள். சாவியை ஆன் நிலையில் மட்டும் வைத்து எடுங்கள், மூன்று முறை. ஒவ்வொரு முறையும் பம்ப் சுமார் இரண்டு விநாடி ஓடி ரெயிலை நிரப்பும். ஒருவர் சாவியில் இருக்க, மற்றவர் டார்ச்சோடு ஒவ்வோர் இன்ஜெக்டரின் தலையையும் விரலால் தடவிப் பார்க்க வேண்டும். ஈரம் பட்டால் அங்கேயே நிறுத்துங்கள். காய்ந்திருந்தால் ஸ்டார்ட் செய்யலாம். முதல் ஓரிரு நிமிடம் ஐட்லிங் தடுமாறுவது இயல்பு. பழுதுக் குறியீடுகளை அழித்துவிட்டு ஒரு நூறு கிலோமீட்டர் ஓட்டிய பின் டிரிமைப் பாருங்கள். பதினைந்தில் இருந்தது ஐந்துக்குள் வந்திருந்தால் வேலை பலித்தது. வரவில்லையென்றால் மேலே சொன்ன வரிசையில் ஏதோ ஒன்றை நாம் தாண்டி வந்திருக்கிறோம்.

மறுநாள் காலை, சாவியைப் போடுவதற்கு முன் பானட்டைத் திறந்து ஒரு முறை முகர்ந்து பாருங்கள். சூட்டில் பிடித்திருந்த ஓ-ரிங் இரவுக் குளிரில் சுருங்கிக் கசிவதை நான் இரண்டு முறை பார்த்திருக்கிறேன். இரண்டு முறையும் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை, மூக்குதான் சொன்னது.